பார்த்ததையே மீண்டும் பார்ப்பது வீணா?

"பார்த்த நாடகத்தைத்தானே திரும்பவும் பார்க்கிறீர்கள், அதில் என்ன புதிதாக வரப்போகிறது?" என்ற கேள்வி நமது வீடுகளில் அடிக்கடி எழுகிறது. கேட்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவராகவோ படித்த பிள்ளையாகவோ இருப்பார். பதில் சொல்ல வேண்டியவர், அடுப்படி வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்த தாயாக இருப்பார். தொலைக்காட்சியே பொழுதை வீணாக்கும் சாதனம், அதிலும் ஒருமுறை பார்த்ததை மறுபடி பார்ப்பது இரட்டிப்பு வீண் என்று பலர் எண்ணுகின்றனர்.

பல ஆண்டுகளாகத் தொடர் நாடகங்களை விரும்பிப் பார்த்து வருபவள் என்ற முறையில் இக்கருத்தோடு நான் உடன்படவில்லை. எல்லா நாடகங்களும் இரண்டாம் முறை பார்க்கத் தகுந்தவை என்று வாதிடவும் நான் வரவில்லை. எதை மீண்டும் பார்க்கலாம், பார்த்து எதைக் கண்டுகொள்ளலாம் என்பதை, நம்மில் மூத்தவர்கள் அறிந்த ஒரு நாடகத்தை வைத்தே சொல்ல விரும்புகிறேன். அது 'ஒஷின்' என்னும் யப்பானியத் தொடர்.

கூத்துக் கொட்டகையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை

காத்தவராயன் கூத்து நம் ஊர்களில் எத்தனை தலைமுறையாக ஆடப்பட்டு வருகிறது! காத்தவராயன் கழுவேறுவான் என்பது பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும். சிலம்பு விற்கப்போன கோவலன் திரும்பி வரமாட்டான் என்பதும், ஞானசவுந்தரியின் வெட்டுண்ட கைகள் மீண்டும் வளரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் விடியவிடிய இருந்து பார்த்தோம். அடுத்த வருடமும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனோம். "போன வருடம் பார்த்ததுதானே" என்று எந்தப் பெரியவரும் தடுக்கவில்லை. கதை தெரிந்திருப்பது கூத்துக்குக் குறையாகக் கருதப்படவில்லை. கதை தெரிந்தபடியால்தான், இவ்வருட அண்ணாவியார் அதை எப்படி நடத்துகிறார் என்று கவனிக்க முடிந்தது.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இடம்பெயர்ந்த வாழ்க்கையில் மிகவும் கொடுமையானது அடுத்த நாள் என்ன நடக்கும் என்று தெரியாதிருப்பது. இன்று இந்தப் பள்ளிக்கூடம், நாளை எந்த மரநிழல்? காணிக்குத் திரும்ப விடுவார்களா, விடமாட்டார்களா? பதிந்த பெயர் பட்டியலில் வருமா, வராதா? இப்படிப் பல ஆண்டுகள் கழித்தவர்களுக்கு, முடிவு தெரிந்த ஒரு கதை ஆறுதலைத் தருகிறது. அங்கே யாரும் எதிர்பாராமல் சாவதில்லை. யார் எந்த இடத்தில் பிரிவார், எந்த இடத்தில் சேர்வார் என்பது நமக்குத் தெரியும். அந்த அரை மணி நேரம் மனம் அஞ்சாமல் இருக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் அந்த அச்சத்தை அறியாதவர்கள்.

ஆனால் ஆறுதலோடு நின்றுவிட்டால் போதாது. மீண்டும் பார்ப்பதால் கண் திறக்கவும் வேண்டும். அதற்குத்தான் ஒஷினை எடுத்துக்கொள்கிறேன்.

ஒஷின் யார்?

யப்பானின் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இத்தொடரை 1983 ஏப்ரல் 4 முதல் 1984 மார்ச் 31 வரை காலை வேளைகளில் ஒளிபரப்பியது. மொத்தம் 297 பகுதிகள். ஒவ்வொன்றும் 15 நிமிடம். எழுதியவர் சுகாக்கோ ஹஷிதா என்ற பெண்மணி. இவர் 2021இல் காலமானார். ஒஷினாக மூவர் நடித்தனர்: சிறுமியாக அயாக்கோ கொபயாஷி, இளம்பெண்ணாக யூக்கோ தனாக்கா, முதியவராக நொபுக்கோ ஒத்தோவா. யப்பானில் இதனைச் சராசரியாக 52.6 சதவீதமான வீடுகளில் பார்த்தார்கள் என்று கணக்கிடப்பட்டது. பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது சென்றது.

நமது நாட்டில் ரூபவாஹினி 1982இல் யப்பானிய உதவியுடன் தொடங்கப்பட்டது. எண்பதுகளில் அங்கே ஒஷினைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சொல் விளங்காவிட்டாலும் முகம் விளங்கியது. பனியில் வெறும் கையோடு தொட்டில் துணி துவைக்கும் சிறுமியின் முகத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. 1990இல் வடக்கில் மின்சாரம் நின்றதோடு தொலைக்காட்சிப் பெட்டிகள் மூலையில் கிடந்தன. இன்று கைத்தொலைபேசியிலேயே பழைய தொடர்களைத் தேடிப் பார்க்கக்கூடிய காலம். நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்தால் 297 நாள்கள். ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் முடிந்துவிடும்.

நாம் மறந்துவிடும் முதற்பகுதி

ஒஷின் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் எல்லோரும் அந்தச் சிறுமியிலிருந்தே தொடங்குவார்கள். உண்மையில் நாடகம் அங்கே தொடங்கவில்லை. அது 1983இல், எண்பது வயதைத் தாண்டிய ஒரு செல்வந்தக் கிழவியிலிருந்து தொடங்குகிறது. அவளுடைய குடும்பம் 17ஆவது சுப்பர் மார்க்கெற்றைத் திறக்கிறது. திறப்பு விழா நாளன்று கிழவியைக் காணவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டு, தான் பிறந்த யமகதா மாகாணத்தின் பனிமலைப் பக்கம் போய்விடுகிறாள். வளர்ப்பு மகனின் பையன் தேடிக் கண்டுபிடிக்கிறான். அவனோடு பழைய இடங்களுக்குப் போய்ப் போய், நடந்தவற்றை எண்ணிப் பார்க்கிறாள். நாம் பார்க்கும் கதை முழுவதும் அந்த எண்ணிப் பார்த்தல்தான்.

முதல்முறை பார்க்கும்போது இது ஒரு முன்னுரைபோலத் தோன்றி மறைந்துவிடுகிறது. சிறுமி வந்ததும் கிழவியை மறந்துவிடுகிறோம். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தக் கிழவி ஏன் புறப்பட்டாள் என்பது புரிகிறது. அந்தப் 17ஆவது கடை வந்தால் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய பலசரக்குக் கடை நொடிந்துபோகும். அந்தச் சிறு கடை, அவளுக்கு வாழ்நாளெல்லாம் உதவிய கோத்தா என்ற மனிதரின் குடும்பத்தாருடையது. தன் மகன் அதைப் பொருட்படுத்தவில்லை. "பசியிலிருந்து தொடங்கி இவ்வளவு தூரம் வந்தோமே, வழியில் எதைத் தவறவிட்டோம்?" என்ற கேள்வியோடுதான் அவள் புறப்படுகிறாள்.

ஆகவே இதனை ஏழைச் சிறுமி பணக்காரி ஆன கதை என்று சொல்வது பாதிக் கதைதான். பணக்காரி ஆனவள் தன் குடும்பத்தை நிறுத்திக் கணக்குக் கேட்கும் கதை என்றும் அதைச் சொல்லலாம். முதற்பகுதியை இரண்டாம் தடவை பார்த்தவருக்கே இது தெரியும்.

அரிசிக் கணக்கு

ஒஷின் பிறந்தது 1901இல், ஒரு குத்தகை விவசாயியின் வீட்டில். ஏழு வயதில் ஒரு மர வியாபாரியின் வீட்டுக்குப் பிள்ளை தூக்கும் வேலைக்கு அனுப்பப்படுகிறாள். ஒரு வருட வேலைக்குக் கூலி ஒரு மூட்டை அரிசி. யப்பானிய மூட்டை என்பது ஏறக்குறைய 60 கிலோ. நமது அளவில் இரண்டு புசல். முதலில் போகமாட்டேன் என்று அடம்பிடித்தவள், வயிற்றில் உள்ள பிள்ளையை வளர்க்க வழியில்லாமல் தாய் குளிர்ந்த ஆற்றில் இறங்குவதைக் கண்டபின் போகச் சம்மதிக்கிறாள். மொகாமி ஆற்றில் தெப்பத்தில் அவள் போகும்போது கரையில் நின்று தகப்பன் அழுகிறான்.

முதல்முறை இதைப் பார்த்தவர்கள் அந்தத் தகப்பனை வெறுத்தார்கள். குடிப்பான், சீறுவான், பெண்பிள்ளைகளைக் கூலிக்கு அனுப்புவான். வெறுக்கத்தக்கவன்தான். ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது கண் அவனைவிட்டு அரிசிப் பானைக்குப் போகிறது. அந்த வீட்டார் நெல் விளைவிக்கிறார்கள், ஆனால் சோறு உண்பதில்லை. முள்ளங்கியைச் சிறிதாக வெட்டிப் போட்டு, அரிசியைச் சிறிதளவு சேர்த்துக் காய்ச்சியதையே உண்கிறார்கள். அந்த முள்ளங்கிச் சோற்றின் பெயர் இந்நாடகத்தால் யப்பானில் எல்லோர் வாயிலும் புழங்கியது. பாட்டி தன் பங்கைக் குறைத்துப் பிள்ளைகளுக்கு வைக்கிறாள். விளைந்த நெல் எங்கே போகிறது? அக்காலத்து யப்பானில் குத்தகைக்காரர் விளைச்சலில் ஏறக்குறைய பாதியை நிலச் சொந்தக்காரருக்கு அளக்க வேண்டியிருந்தது. வெள்ளாண்மை பிழைத்த வருடத்திலும் வாரம் கொடுக்கத்தான் வேண்டும்.

இதை நகரத்துப் பார்வையாளருக்கு விளக்க வேண்டியிருக்கும். வாரத்துக்குச் செய்தவர்களுக்கும், இடம்பெயர்ந்து போய் அயலூரில் பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்தவர்களுக்கும் விளக்கத் தேவையில்லை. வேலியும் கிணறும் நமது உழைப்பு; காணி வேறு ஒருவருடையது. "அடுத்த வருடம் வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறேன்" என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும்.

ஒஷின் பொறுமைசாலியா?

இந்நாடகத்தைப் பற்றி எங்கும் சொல்லப்படும் ஒரு வார்த்தை 'பொறுமை'. ஒஷினைப்போலப் பொறுத்துக்கொள், ஒஷினைப்போலக் கஷ்டத்தைச் சகித்துக்கொள் என்று பெண்களுக்கு அறிவுரை கூறுவது உலக வழக்கமாகிவிட்டது. நம்மிடமும் இது உண்டு. கணவனை இழந்து, பிள்ளைகளோடு தறப்பாள் கொட்டிலில் இருந்தவளுக்கும் "பொறுமையாக இரு" என்பதே கிடைத்த முதல் அறிவுரை.

நாடகத்தை மறுபடி பார்த்தால் இந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தவில்லை என்பது தெரியவரும். பாட்டி கொடுத்த ஐம்பது சென் நாணயத்தைத் திருட்டுப் பணம் என்று பறித்தபோது, சிறுமி ஒஷின் மர வியாபாரியின் வீட்டைவிட்டுப் பனிப்புயலில் வெளியேறுகிறாள். பதினாறு வயதளவில், தகப்பன் தன்னைத் தகாத வேலைக்கு அனுப்ப ஒழுங்கு செய்கிறான் என்று அறிந்ததும், காசநோயால் சாகக்கிடக்கும் தமக்கை கொடுத்த ஒரு முகவரியோடு டோக்கியோவுக்குப் போகிறாள். அங்கே கூந்தல் அலங்காரத் தொழிலைப் பழகுகிறாள். 1923 செப்டம்பர் 1ஆம் திகதிய பெரும் பூகம்பத்தில் உடுப்புத் தொழிற்சாலை அழிந்து, கணவனின் ஊரான சாகாவில் போயிருந்தபோது, மாமியாரின் கொடுமையில் கருவில் இருந்த பிள்ளையையும் இழக்கிறாள். அதன்பின் சிறு மகனோடு அங்கிருந்தும் வெளியேறுகிறாள். கடைசியாக, எண்பது வயதுக்குமேல் தன் சொந்த மாளிகையிலிருந்தே வெளியேறுகிறாள்.

நான்கு தடவை வெளியேறியவளைப் பொறுமைசாலி என்று மட்டும் சொல்வது எவ்வளவு வசதியான விளக்கம்! அவள் வேலையில் பொறுமை காட்டினாள். அநியாயத்தில் ஓர் எல்லை வரைதான் காட்டினாள். நாம் இடம்பெயர்ந்தவர்கள், வேறு வழியின்றித் துரத்தப்பட்டவர்கள். ஒஷினின் வெளியேற்றம் வேறு. அது அவள் எடுத்த முடிவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் பெண்பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. கொடுமை செய்யும் கணவனைவிட்டு வந்த பெண்ணையும், கூலி தராத முதலாளியை விட்டுவந்த பிள்ளையையும் "பொறுமை இல்லாதவள்" என்று ஏசுவதற்கு முன்பு இந்த நாடகத்தை இன்னொருமுறை பார்க்கலாம்.

மறக்கப்பட்ட கோத்தா

கோத்தாவைப் பற்றிச் சொன்னேன். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அவன் ஒஷினின் கைகூடாத காதலன் மட்டுமே. அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது நினைவில் நிற்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளையாகிய அவன் குத்தகை விவசாயிகளை ஒன்றுசேர்க்கும் வேலையில் இறங்கி, காவற்படைக்கு ஒளிந்து திரிந்து, பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானவன்.

இது கற்பனை மட்டுமல்ல. 1922இல் கோபே நகரில் யப்பானிய விவசாயிகள் சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களுள் தொயோஹிக்கோ ககாவா என்ற கிறிஸ்தவப் போதகரும் ஒருவர். வாரத்தைக் குறைக்கும்படி கேட்டு அக்காலத்தில் ஊருக்கு ஊர் குத்தகைக்காரர் நிலக்காரரோடு வழக்காடினர். போர் முடிந்தபின், நேசநாடுகளின் ஆட்சி யப்பானில் இருந்தபோது, 1946இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஊரில் இல்லாத சொந்தக்காரரின் குத்தகைக் காணிகளையும், ஊரில் உள்ளவர்களிடம் அளவுக்கு மேற்பட்டிருந்த குத்தகைக் காணிகளையும் அரசு வாங்கி, உழுதவருக்கே விற்றது. அதற்கு முன் பயிர்நிலத்தில் ஏறக்குறைய 46 சதவீதம் குத்தகையில் இருந்தது. 1950 அளவில் அது 10 சதவீதமாகக் குறைந்தது.

இந்தக் கணக்கை நாம் கவனிக்க வேண்டும். ஒஷின் தன் முயற்சியால் உயர்ந்தாள், சரி. ஆனால் அவளுடைய தகப்பனைப்போன்ற இலட்சக்கணக்கான குத்தகைக்காரருக்குக் காணி கிடைத்தது தனி ஒருவரின் முயற்சியாலோ பொறுமையாலோ அல்ல. கூடிக் கேட்டவர்கள் இருந்தார்கள். பின்னர் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரரின் பாதுகாப்புக்காகவே கொண்டுவரப்பட்டது. போர் 2009இல் முடிந்த பின்னும் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஒஷினின் முயற்சியை மட்டும் காட்டி, கோத்தாவின் வேலையை மறைத்தால் அது அரைப்பாடம்.

யாரும் விரும்பிப் பார்க்காத பகுதி

சிறுமி ஒஷினைப் பார்க்க எல்லோருக்கும் விருப்பம். போர்க்காலப் பகுதிகளை மீண்டும் பார்க்க விரும்புவோர் குறைவு. எனக்கும் அவை பாரமானவை. ஆனால் இந்நாடகத்தில் தவறவிடக்கூடாத பகுதி அதுவே என்பது என் எண்ணம்.

சாகாவைவிட்டு வந்தபின் ஒஷின் இசே பக்கத்தில் வீடுவீடாக மீன் விற்றுக் குடும்பத்தை நிமிர்த்துகிறாள். கணவன் ரியூசோ நல்லவன்தான். போர் வந்ததும் படைக்குப் பொருள் வழங்கும் தொழிலில் இறங்குகிறான். வீட்டுக்கு வசதி வருகிறது. அயலிலுள்ள பையன்கள் படையில் சேர வேண்டும் என்று ஊக்குவிக்கிறான். ஒஷினுக்கு உள்ளூர விருப்பமில்லை. சிறுவயதில் பனியில் தன்னைக் காப்பாற்றி எழுத்துக் கற்பித்தவன், போரை வெறுத்துப் படையைவிட்டு ஓடிவந்த ஒரு போர்வீரன். அவன் தன் கண்முன்னே சுடப்பட்டதை அவள் மறக்கவில்லை. இருந்தும் வசதி வந்த வீட்டில் அவள் குரல் தாழ்ந்துபோகிறது. போருக்குப் போன மூத்த மகன் திரும்பவில்லை. போர் தோற்றதும், தான் அனுப்பிவைத்த அயலவர் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்று ரியூசோ தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

இதற்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை. பிள்ளையை வழியனுப்பிய தாய்மாரும், அனுப்பாமல் ஒளித்துவைத்த தாய்மாரும் இதை வாசிக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்வேன். எழுத்தாளர் ரியூசோவைக் கெட்டவனாகக் காட்டவில்லை. நல்ல மனிதர்களும் இப்படிச் செய்வார்கள் என்று காட்டினார். வெற்றிபெற்ற கதாநாயகியின் மௌனத்தையும் மறைக்கவில்லை. அதேவேளை ஒரு குறையும் உண்டு. போர் முழுவதும் பெரும்பாலும் ஒரு யப்பானிய வீட்டு வாசலிலிருந்தே காட்டப்படுகிறது. யப்பானியப் படை போன நாடுகளில் விவசாயிகள் பட்டபாடு அவ்வளவாக வருவதில்லை. நம் துயரத்தைச் சொல்லும்போது அயலவர் துயரத்தை மறந்துவிடும் பழக்கம் யப்பானியருக்கு மட்டும் உரியதல்ல.

மற்ற நாட்டவர் எதை நினைவில் வைத்தார்கள்?

ஈரானில் இத்தொடர் ஈராக்குடனான போரை ஒட்டிய காலத்தில் காட்டப்பட்டது. அங்கே அதற்கு வைத்த பெயர் 'வீட்டைவிட்டுத் தொலைவில் கழிந்த ஆண்டுகள்' என்ற பொருள் தருவது. நமக்காகவே வைத்த பெயர்போல இருக்கிறது! ஒஷினின் புகுந்த வீட்டுப் பெயர் 'தானோக்கூரா'. ஈரானியர் பழைய உடுப்பு விற்கும் கடைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். வியட்நாமிலோ 'ஒஷின்' என்ற சொல் வீட்டு வேலைக்காரி என்ற பொருளில் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது.

ஓர் ஊரில் அவள் கடையாக நினைவில் நின்றாள். இன்னோர் ஊரில் துடைப்பமாக நின்றாள். ஒருமுறை பார்த்து மறந்துவிட்டால் கதையில் மிஞ்சுவது இவ்வளவுதான். எழுத்துக் கற்றவள், தொழில் பழகியவள், கணக்குக் கேட்டவள் எல்லாம் மறைந்து, வேலைக்காரி மட்டும் மிஞ்சுகிறாள். மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிப்பித்த நம் சகோதரிகளை ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதையும் இத்துடன் எண்ணிப் பார்க்கலாம்.

எதை மீண்டும் பார்க்கலாம்?

இன்று மாலையானால் தொடர் நாடகங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பார்ப்பவர்களை நான் பழிக்கவில்லை, நானும் பார்ப்பவள்தான். ஆயினும் எது இரண்டாம் முறைக்குத் தகும் என்று அறிய ஒரு சிறிய சோதனை வைத்திருக்கிறேன். அந்த வீட்டுச் சோறு எங்கிருந்து வருகிறது என்று நாடகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பல நாடகங்களில் எல்லோரும் பட்டுடுத்தி, நகை போட்டு, ஒருவரை ஒருவர் கெடுக்கச் சூழ்ச்சி செய்கிறார்கள். அரிசி என்ன விலை, யார் உழைக்கிறார், யாருக்கு யார் கடன் என்று தெரிவதில்லை. அதை ஒருமுறை பார்த்தாலே அதிகம். ஒஷினில் ஒவ்வொரு வீட்டிலும் அரிசிக் கணக்கு உண்டு, கூலிக் கணக்கு உண்டு, கடன் கணக்கு உண்டு. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்குகள் நன்றாக விளங்கும்.

இரண்டாவது, தனியே பார்ப்பதைவிடச் சேர்ந்து பார்ப்பது நல்லது. மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கிழமைக்கு ஒரு மாலை நான்கு பகுதிகளைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். ஆண்களும் வரட்டும்; அந்தத் தகப்பனை அவர்களும் பார்க்க வேண்டும். மொழி தெரிந்த இளையவர் ஒருவர் இடையிடையே நிறுத்திச் சொன்னால் போதும். பார்த்து முடிந்ததும் உடனே எழுந்து போகாமல் சற்று இருந்து கதைக்க வேண்டும். அந்தக் கதைதான் முக்கியம். பிள்ளைகளின் படிப்பு நேரத்தை இதற்காகப் பறிக்கக்கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கூடியிருந்து கதைப்பதற்குச் சில வினாக்கள்:

1. ஒஷினின் வீட்டில் விளைந்த நெல் எங்கே போயிற்று? நமது வீட்டில் விளைவது எங்கே போகிறது?

2. ஒஷின் எங்கே பொறுத்துக்கொண்டாள், எங்கே வெளியேறினாள்? நம் பெண்பிள்ளைகளுக்கு நாம் எதைக் கற்பிக்கிறோம்?

3. தனி முயற்சியால் பெறக்கூடியது எது? கூடிக் கேட்டால் மட்டுமே பெறக்கூடியது எது?

4. வசதி வந்தபின் எழக்கூடிய எந்தக் கேள்வியை இப்போதே கேட்டுவைப்பது நல்லது?

நான்காவது வினாவை எவரும் சிரித்துத் தள்ள வேண்டாம். இன்று நம்மிடம் வசதி இல்லை என்பது உண்மை. ஆனால் நம் பிள்ளைகள் சிலர் கடல் கடந்து உழைக்கிறார்கள். சிலர் ஊரில் கடை போட்டு நிமிர்கிறார்கள். ஒருநாள் அவர்களுடைய கடைக்குப் பக்கத்திலும், நம்மைக் கஷ்டகாலத்தில் தாங்கிய ஒருவரின் சிறு கடை இருக்கக்கூடும்.

ஆகவே வீட்டில் யாராவது பழைய நாடகம் ஒன்றை மறுபடி போட்டுக்கொண்டு இருந்தால், "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் போய் அமர்ந்து, "இந்தமுறை என்ன கண்டீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும்.